மரினா சில்வா: ரப்பர் காட்டிலிருந்து அமைச்சரவைக்கு – காட்டுரிமை அரசியலின் ஒரு வரலாறு

2025 மே 27 அன்று பிரேசில் நாட்டு செனட்டின் உள்கட்டமைப்புக் குழு, சுற்றுச்சூழல் மற்றும் காலநிலை மாற்றத் துறை அமைச்சரைக் கேள்விகளுக்குப் பதிலளிக்க அழைத்திருந்தது. அமேசான் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய கடற்பகுதியில் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் உருவாக்கப்படுவதும், அமேசான் காட்டை ஊடுருவும் நெடுஞ்சாலைத் திட்டமும் அங்கே விவாதப் பொருளாயின. விவாதம் சூடேறியபோது குழுவின் தலைவர் அமைச்சரைப் பார்த்து, தன்னுடைய இடத்தை அறிந்து நடந்துகொள்ளும்படி கூறினார். பின்னர் இன்னொரு செனட்டர், பெண் என்ற முறையில் அவர் மரியாதைக்குரியவர், அமைச்சர் என்ற முறையில் அல்ல என்றார். அமைச்சர் மன்னிப்புக் கேட்கும்படி வலியுறுத்தினார். மன்னிப்பு வரவில்லை. அவர் எழுந்து வெளியேறினார்.

அந்த அமைச்சர் மரினா சில்வா. அவர் அந்த அவைக்குப் புதியவர் அல்லர். அதே செனட்டில் பதினாறு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர், மும்முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர், இரண்டாம் முறையாகச் சுற்றுச்சூழல் அமைச்சர் பொறுப்பை ஏற்றிருந்தவர். அத்தகைய ஒருவரிடம் 'உன் இடத்தை அறி' என்று சொல்லும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்பது ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வரும் வாசகர்களுக்கு விளக்கித் தெரிய வேண்டியதில்லை. மரினா கறுப்பினப் பெண். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியின் மகள். வீட்டுப்பணியாளராக வேலை செய்தவர். பதினாறு வயது வரை எழுத்தறியாதவர். அவர் எந்த இடத்திலிருந்து புறப்பட்டார், எந்தெந்த இடங்களைக் கடந்தார், கடந்த இடங்களில் எவற்றை மாற்றினார், எவற்றை மாற்ற முடியாமல் போனார் என்பதை இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது. காட்டைக் காப்பது என்பது இயற்கை ரசிகர்களின் பொழுதுபோக்கு அல்ல, அது நிலவுரிமையும் உழைப்புரிமையும் சார்ந்த போராட்டம் என்பதே அவருடைய பொதுவாழ்வு முழுவதும் தொடரும் அடிப்படை.

கடன் பேரேட்டின் கீழ் ஒரு குழந்தைப் பருவம்

பிரேசிலின் மேற்கு எல்லையில், பெருவுக்கும் பொலிவியாவுக்கும் அருகில் அமைந்த மாநிலம் ஆக்ரே. 1903 ஆம் ஆண்டு உடன்படிக்கை வழியாகவே இப்பகுதி பொலிவியாவிடமிருந்து பிரேசிலுக்கு வந்தது. அதற்குக் காரணம் ரப்பர். வறட்சியால் பாதிக்கப்பட்ட வடகிழக்கு மாநிலங்களிலிருந்து, குறிப்பாகச் சியாரா மாநிலத்திலிருந்து, ஏழை மக்கள் அலையலையாக இக்காடுகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் ரப்பர் தேவைக்காக 'ரப்பர் படைவீரர்கள்' என்ற பெயரில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். நோயிலும் பசியிலும் அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர்.

அங்கே அவர்களைக் கட்டிப்போட்டது கடன். காட்டின் உரிமையாளர் எனத் தம்மை அறிவித்துக்கொண்ட முதலாளி கத்தி, உப்பு, மாவு, துணி, மருந்து அனைத்தையும் முன்கடனாகக் கொடுப்பார். அவற்றின் விலையை அவரே நிர்ணயிப்பார். தொழிலாளி சேகரிக்கும் ரப்பரை அவருக்கு மட்டுமே விற்க வேண்டும்; அதன் விலையையும் அவரே நிர்ணயிப்பார். பேரேடு முதலாளியின் கையில் இருக்கும். ஆண்டின் முடிவில் தொழிலாளி எப்போதும் கடனாளியாகவே இருப்பார். பல ரப்பர் காடுகளில் பள்ளிக்கூடத்துக்கு இடமே தரப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் கணக்குக் கேட்பார் என்பதே காரணம். கொத்தடிமை முறையைப் பற்றிய வழக்குகளைப் படித்த எவருக்கும் இந்த அமைப்பு அந்நியமானதாகத் தோன்றாது. சங்கிலி தேவையில்லை, ஓர் ஏடும் எழுத்தறியாமையும் போதும்.

1958 பிப்ரவரி 8 அன்று, ரியோ பிராங்கோ நகரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலிருந்த பகாசோ என்னும் ரப்பர் காட்டில் மரினா பிறந்தார். பெற்றோர் சியாராவிலிருந்து வந்தவர்கள். பிறந்த பதினொரு குழந்தைகளுள் எட்டுப் பேரே பிழைத்தனர். விடியலுக்கு முன்பே எழுந்து காட்டுத் தடங்களில் நடந்து மரங்களைக் கீறிப் பால் எடுக்கும் வேலையில் சிறுவயதிலேயே தந்தைக்குத் துணை நின்றார். பலமுறை மலேரியாவும், ஹெபடைடிஸ் நோயும், லீஷ்மேனியாசிஸும் அவரைத் தாக்கின. பாதரச நஞ்சும் உடலில் சேர்ந்தது. அதன் விளைவுகள் அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்கின்றன. பதின்ம வயதில் தாயை இழந்தார். எழுத்தைக் கற்பதற்கு முன்பே அவர் அடிப்படைக் கணக்கைக் கற்றுக்கொண்டார்.

பதினாறு வயதில் முதல் எழுத்து

ஹெபடைடிஸ் நோய்க்குச் சிகிச்சை பெறுவதற்காகப் பதினாறாம் வயதில் அவர் ரியோ பிராங்கோ நகருக்கு வந்தார். கன்னியர் மடத்தில் தங்கினார். தாமும் கன்னியராக விரும்பினார். இராணுவ அரசு நடத்திய முதியோர் எழுத்தறிவுத் திட்டத்தின் வகுப்பில்தான் முதன்முதலாக எழுதப் படிக்கக் கற்றார். வீடுகளில் பணியாளராக வேலை செய்துகொண்டே பள்ளிப் படிப்பைத் துரிதமாக முடித்தார். பின்னர் ஆக்ரே கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று, 1980-களின் நடுப்பகுதியில் பட்டம் பெற்று, உயர்நிலைப் பள்ளிகளில் வரலாற்று ஆசிரியரானார்.

இங்கே ஒரு சட்ட உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1985 வரை பிரேசிலில் எழுத்தறியாதவர்களுக்கு வாக்குரிமை இல்லை. அடிமைமுறை 1888 இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் விடுதலை பெற்றவர்களுக்கு நிலமும் தரப்படவில்லை, பள்ளியும் தரப்படவில்லை. எழுத்தறிவு என்ற நிபந்தனையின் வழியாகக் கறுப்பின மக்களும் பழங்குடி மக்களும் கிராமப்புற ஏழைகளும் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1985 மே மாதம் நிறைவேறிய அரசமைப்புத் திருத்தமே இத்தடையை நீக்கியது. ஆகவே மரினா எழுத்தைக் கற்றபோது வேலைவாய்ப்புக்கான தகுதியை மட்டும் பெறவில்லை, குடிமகள் என்ற நிலையையும் பெற்றார். பின்னாளில் அவருடைய அரசியலில் தகவலும் ஆவணமும் கல்வியும் பெறும் முக்கியத்துவத்தை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

வகுப்பறையும் மறியலும்

1970-களில் இராணுவ அரசு அமேசானைக் கால்நடைப் பண்ணைகளுக்குத் திறந்துவிட்டது. தென் மாநிலங்களிலிருந்து வந்த செல்வந்தர்கள் ரப்பர் காடுகளை மலிவாக வாங்கினர்; மரங்களை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கினர்; தலைமுறைகளாக அங்கே உழைத்தவர்களை வெளியேற்றினர். இதற்கு எதிராகத் தொழிலாளர்கள் உருவாக்கிய போராட்ட வடிவம் 'எம்பாட்டே' எனப்பட்டது. ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கூட்டமாகக் காட்டுக்குள் சென்று மரம் வெட்டுவோரின் முன் நின்று வேலையைத் தடுத்துவிடுவர். வெட்ட வந்தவர்களும் கூலித் தொழிலாளர்களே என்பதால் அவர்களோடு பேசி அவர்களைத் திரும்பச் செய்வதும் இப்போராட்டத்தின் பகுதியாக இருந்தது. இதற்குத் தலைமை தாங்கிய தொழிற்சங்கத் தலைவர் வில்சன் பினெய்ரோ 1980 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் இயக்கத்தின் முகமானவர் ஷப்பூரி நகரைச் சேர்ந்த சிக்கோ மெண்டிஸ்.

போராட்டத்தோடு பள்ளிகளும் தோன்றின என்பது இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி. 1981 முதல் ஷப்பூரி பகுதியின் ரப்பர் காடுகளில் தொழிலாளர்களுக்கான எழுத்தறிவுப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. பாவ்லோ பிரெய்ரேயின் கல்விமுறையைப் பின்பற்றித் தயாரிக்கப்பட்ட பாடநூலுக்குப் 'பொரொங்கா' என்று பெயரிட்டனர். இருட்டில் பால்வெட்டச் செல்லும் தொழிலாளி தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கின் பெயர் அது. கணக்கு ஏட்டைத் தாமே படித்தறிந்த தொழிலாளர்கள் கூட்டுறவு அமைப்பையும் தொடங்கினர்.

விடுதலை இறையியலின் செல்வாக்குக்குட்பட்ட தேவாலயக் குழுக்களின் வழியாக மரினா இவ்வியக்கத்துக்குள் வந்தார். சிக்கோ மெண்டிஸுடன் இணைந்து ஆக்ரேயில் ஒருங்கிணைந்த தொழிற்சங்க மையத்தின் கிளையைக் கட்டினார். அதன் ஒருங்கிணைப்பாளர் சிக்கோ, துணை ஒருங்கிணைப்பாளர் மரினா. எம்பாட்டே போராட்டங்களில் நேரடியாகப் பங்கேற்றார். தொழிலாளர் கட்சியில் சேர்ந்து 1986 இல் கூட்டாட்சிக் கீழவைக்குப் போட்டியிட்டார். அதே தேர்தலில் சிக்கோ மாநில சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டார். இருவரும் தோற்றனர்.

1985 அக்டோபரில் தலைநகர் பிரசீலியாவில் ரப்பர் தொழிலாளர்களின் முதல் தேசிய மாநாடு கூடியது. அங்கே முன்வைக்கப்பட்ட கோரிக்கையே 'சேகரிப்புக் காப்பகம்' என்ற கருத்தாக வளர்ந்தது. நிலத்தைத் துண்டுகளாக்கித் தனிப்பட்டா கொடுத்தால் அதைப் பணக்காரர்கள் மீண்டும் வாங்கிவிடுவர். எனவே நிலம் அரசின் உடைமையாக இருக்கட்டும்; அதில் ரப்பர், பிரேசில் கொட்டை முதலியவற்றைச் சேகரித்து வாழும் உரிமை அங்கு வாழும் சமூகத்துக்குக் கூட்டாக வழங்கப்படட்டும் என்பதே அதன் சாரம். ஒரு காலத்தில் ஒருவரையொருவர் எதிரிகளாகக் கருதிய ரப்பர் தொழிலாளர்களும் பழங்குடி மக்களும் 'காட்டு மக்கள் கூட்டணி' என்ற பெயரில் ஒன்றிணைந்தனர். பழங்குடிகளைக் காட்டிலிருந்து விரட்டுவதற்கு முன்னர் இதே தொழிலாளர்களையே முதலாளிகள் பயன்படுத்தியிருந்தனர். ஒடுக்கப்பட்ட இரு பிரிவினரை மோதவிட்டு ஆதாயம் காண்பது எங்கும் ஆதிக்கத்தின் உத்திதான். அதை முறியடித்ததே இவ்வியக்கத்தின் மிகப் பெரிய அரசியல் சாதனை எனலாம்.

1988 நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் மரினா ரியோ பிராங்கோ நகர மன்றத்துக்கு வெற்றி பெற்றார். அவர் பதவியேற்பதற்கு முன்பே, டிசம்பர் 22 அன்று, சிக்கோ மெண்டிஸ் ஷப்பூரியில் தம் வீட்டின் பின்வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 44. கொலைக்காக ஒரு பண்ணை முதலாளியும் அவருடைய மகனும் 1990 டிசம்பரில் தலா 19 ஆண்டுகள் சிறைத் தண்டனை பெற்றனர். அதே ஆண்டு மார்ச்சில், சுமார் 9.7 இலட்சம் ஹெக்டேர் பரப்பில் சிக்கோ மெண்டிஸ் சேகரிப்புக் காப்பகம் அறிவிக்கப்பட்டது.

நகர மன்றத்திலிருந்து செனட்டுக்கு

நகர மன்றத்தில் மரினா முதலில் செய்தது உறுப்பினர்களின் சலுகைகளையும் படிகளையும் பொதுமக்கள்முன் வெளிப்படுத்தியதுதான். தமக்குக் கிடைத்த அத்தகைய தொகைகளைத் திருப்பிக் கொடுத்தார். சக உறுப்பினர்களின் பகையைச் சம்பாதித்தார். மக்களின் நம்பிக்கையையும் பெற்றார். 1990 இல் மாநில சட்டமன்ற உறுப்பினரானார். 1994 இல், 36 வயதில், செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதுவரை பிரேசில் செனட்டில் அவ்வளவு இளம் வயதில் ஒரு பெண் இடம்பெற்றதில்லை. 2002 இல் மீண்டும் வென்றார்.

செனட்டில் அவர் முன்வைத்தவற்றுள் முக்கியமானது, உயிரியல் வளங்களையும் மரபுவழி அறிவையும் பயன்படுத்துவதை முறைப்படுத்தும் 1995 ஆம் ஆண்டு மசோதா. காட்டு மக்கள் தலைமுறைகளாகக் காத்த மூலிகை அறிவை நிறுவனங்கள் எடுத்துக் காப்புரிமை பெறும்போது, அம்மக்களின் ஒப்புதலும் பங்கும் சட்டப்படி தேவை என்பதே அதன் நோக்கம். 1996 இல் அவருக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது வழங்கப்பட்டது.

அமைச்சராக: சட்டம் வேலை செய்த காலம்

2003 ஜனவரியில் லூலா குடியரசுத் தலைவரானபோது மரினா சுற்றுச்சூழல் அமைச்சரானார். அமேசானில் காடழிப்பு உச்சத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. 2004 ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஓராண்டில் 27,772 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. அந்த ஆண்டில் தொடங்கப்பட்ட 'அமேசான் காடழிப்புத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் செயல்திட்டம்' பதின்மூன்று அமைச்சகங்களை ஒரே பொறுப்பின் கீழ்க் கொண்டுவந்தது. காடு என்பது ஒரு பலவீனமான துறையின் தனிப்பொறுப்பாக இருந்த நிலை மாறியது.

இத்திட்டம் எவ்வாறு வேலை செய்தது என்பதைச் சட்டம் பயில்வோர் கவனிக்க வேண்டும். அது நான்கு கருவிகளை ஒன்றாக இணைத்தது.

முதலாவது, தகவல். தேசிய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் செயற்கைக்கோள் கண்காணிப்பு முறை காடழிப்பு நடக்கும்போதே எச்சரிக்கை அனுப்பத் தொடங்கியது. அத்தரவுகள் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டன. முன்பு ஆண்டுதோறும் அழிவு முடிந்த பின்பே கணக்கு வரும். இப்போது ஆய்வாளர்கள் சம்பவ இடத்துக்குச் செல்ல முடிந்தது. அரசு செல்லாவிட்டால் ஏன் செல்லவில்லை என்று பத்திரிகைகள் கேட்கவும் முடிந்தது.

இரண்டாவது, நிலம். அமேசானில் காடழிப்பின் பெரும்பகுதி பொதுநிலத்தை அபகரிப்பதற்கான வழி. மரத்தை வெட்டி, மாட்டை விட்டு, பொய்ப் பத்திரம் தயாரித்து உரிமை கோருவது வழக்கம். அபகரிப்பு முன்னேறும் திசையிலேயே காப்பகங்களை அறிவித்து அந்த நிலத்தைச் சந்தையிலிருந்து அகற்றினார் மரினா. அவருடைய காலத்தில் இரண்டு கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு பாதுகாப்பின் கீழ் வந்தது. 2005 பிப்ரவரி 12 அன்று பாரா மாநிலத்தின் அனாப்பு நகரில், நிலமற்றோருக்காகப் போராடிய கன்னியர் டொரோதி ஸ்டாங் சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாள்களுக்குள் அம்மாநிலத்தில் 33 இலட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான ஒரே காப்பகம் அறிவிக்கப்பட்டது.

மூன்றாவது, தன் துறைக்குள்ளேயே நடவடிக்கை. 2005 ஜூனில் 'குருப்பீரா' என்ற பெயரில் கூட்டாட்சிக் காவல்துறை நடத்திய நடவடிக்கையில், சட்டவிரோத மரக் கடத்தலுக்கு உடந்தையாக இருந்ததாகச் சுற்றுச்சூழல் அமலாக்க நிறுவனத்தின் அதிகாரிகள் பலர் கைது செய்யப்பட்டனர். அது மரினாவின் அமைச்சகத்தின் கீழ் இயங்கிய நிறுவனம்.

நான்காவது, பணம். 2007 டிசம்பரில் வெளியான ஆணையின்படி காடழிப்பு மிகுந்த நகராட்சிகளின் பட்டியல் வெளியிடப்பட்டது. முதல் பட்டியலில் 36 நகராட்சிகள் இடம்பெற்றன. சட்டவிரோதமாக அழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்ததை வாங்குவோரும் பொறுப்பேற்க வேண்டிய நிலை வந்தது. 2008 பிப்ரவரியில் தேசிய நாணயக் குழு பிறப்பித்த தீர்மானம், அமேசான் பகுதியில் வேளாண் கடன் பெறுவோர் நிலத்தின் சட்டபூர்வத் தன்மையையும் சுற்றுச்சூழல் விதிகளின் கடைப்பிடிப்பையும் நிரூபிக்க வேண்டும் என்றது. அபராதத்தைக் கட்டாமல் வழக்காடியே காலம் கடத்தும் பெரும் பண்ணையார்களை, வங்கிக் கடன் நின்றபோதுதான் சட்டம் தொட்டது.

2007 இல் காடழிப்பு 11,651 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. அவர் பதவி விலகிய பின்னும் அத்திட்டத்தின் கட்டமைப்பு தொடர்ந்ததால், 2012 இல் 4,571 சதுர கிலோமீட்டர் என்ற அளவுக்கு இறங்கியது. ரப்பர் காட்டில் ஏடு முதலாளியின் கையில் இருந்தது. இத்திட்டமோ ஏட்டைப் பொதுவில் விரித்துவைத்தது.

தோல்விகளும் பதவி விலகலும்

எனினும் அமைச்சரவைக்குள் அவர் தொடர்ந்து தோற்றுக்கொண்டும் இருந்தார். மரபணு மாற்றப்பட்ட சோயாவை அரசு அனுமதித்தது. மதெய்ரா ஆற்றில் இரு பெரும் நீர்மின் அணைகளுக்கு 2007 இல் உரிமம் வழங்கப்பட்டது. கடன் கட்டுப்பாட்டைத் தளர்த்தும்படி சோயா மாநிலங்களின் ஆளுநர்கள் அழுத்தம் கொடுத்தனர். அமேசானின் வளர்ச்சித் திட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு வேறோர் அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, 2008 மே 13 அன்று மரினா பதவி விலகி செனட்டுக்குத் திரும்பினார்.

இந்த விலகலை இருவகையாகப் படிக்கலாம். கொள்கைக்காகப் பதவியைத் துறந்தார் என்பது ஒன்று. இடதுசாரி அரசு ஒன்றும் கூட 'வளர்ச்சி' என்று வரும்போது காட்டு மக்களின் பிரதிநிதியை ஓர் அடையாளமாக மட்டுமே வைத்துக்கொள்ள விரும்பியது என்பது மற்றொன்று. இரண்டும் ஒருசேர உண்மை. அடையாளமாக வைக்கப்பட்டவர் அதிகாரத்தைப் பயன்படுத்தத் தொடங்கியதே முரணின் ஊற்று.

மூன்று குடியரசுத் தலைவர் தேர்தல்கள்

2009 இல் தொழிலாளர் கட்சியிலிருந்து விலகிப் பசுமைக் கட்சியில் சேர்ந்தார். 2010 தேர்தலில் ஏறத்தாழ 1.96 கோடி வாக்குகள் பெற்று மூன்றாமிடம் வந்தார். 2013 இல் அவர் தொடங்கிய 'ரெஜி' கட்சிக்குத் தேர்தல் நீதிமன்றம் பதிவு மறுத்ததால் சோசலிஸ்ட் கட்சியில் இணைந்து துணைத் தலைவர் வேட்பாளரானார். 2014 ஆகஸ்ட் 13 அன்று தலைவர் வேட்பாளர் எடுவார்டோ கம்போஸ் விமான விபத்தில் இறந்ததால் மரினாவே வேட்பாளரானார். 2.2 கோடி வாக்குகள் பெற்றும் மீண்டும் மூன்றாமிடமே கிடைத்தது. 2018 இல், தீவிர வலதுசாரி போல்சொனாரோ வென்ற தேர்தலில், அவருக்குக் கிடைத்தது ஒரு விழுக்காடு வாக்குகள்.

இந்தக் காலகட்டத்தின்மீது இடதுசாரிகளும் கறுப்பின இயக்கத்தவரும் வைக்கும் விமர்சனங்களைக் கடந்து செல்ல முடியாது. 2014 இறுதிச் சுற்றில் அவர் வலதுசாரிச் சார்புடைய ஏசியோ நெவிஸை ஆதரித்தது பழைய தோழர்களிடையே ஆழ்ந்த கசப்பை உண்டாக்கியது. சீர்திருத்தக் கிறித்தவச் சபையைத் தழுவிய அவர், அதே தேர்தலில் ஒருபாலின இணையர் உரிமை குறித்த வாக்குறுதியை வெளியிட்ட மறுநாளே பின்வாங்கியதும் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. தொழிற்சங்கமும் காட்டு மக்களின் அமைப்பும் தாங்கிநின்றபோது வலிமையாக இருந்த அவருடைய அரசியல், நகர்ப்புற நடுத்தர வகுப்பின் அதிருப்தி வாக்குகளை நம்பியபோது ஆட்டங்கண்டது. அமைப்பிலிருந்து விலகிய தனிமனித நேர்மைக்கு ஆயுள் குறைவு என்ற பாடத்தை 2018 இன் ஒரு விழுக்காடு சொல்கிறது.

திரும்பி வந்த அமைச்சர்

போல்சொனாரோ ஆட்சியில் செயல்திட்டம் கைவிடப்பட்டது. அமேசான் நிதி முடக்கப்பட்டது. கள ஆய்வுகள் தளர்ந்தன. 2021 இல் காடழிப்பு மீண்டும் 13,000 சதுர கிலோமீட்டரைத் தொட்டது. 2022 இல் மரினா லூலாவுடன் இணக்கம் கண்டார். வெற்றுச் சமரசமாக அல்லாமல், எழுத்துபூர்வமான சுற்றுச்சூழல் திட்டங்களை ஏற்கச் செய்தே ஆதரவளித்தார். சாவ் பாவ்லோ மாநிலத்திலிருந்து 2,37,000-க்கும் மேற்பட்ட வாக்குகளுடன் கீழவைக்குத் தேர்வாகி, 2023 ஜனவரியில் மீண்டும் அமைச்சரானார். அதே அமைச்சரவையில் பழங்குடியினர் நலனுக்கென முதன்முறையாகத் தனி அமைச்சகம் உருவானது. பழங்குடித் தலைவர் சோனியா குவாஜாஜாரா அதன் பொறுப்பை ஏற்றார்.

செயல்திட்டம் புதுப்பிக்கப்பட்டது. 2022 இல் 11,500 சதுர கிலோமீட்டருக்கு மேலிருந்த காடழிப்பு 2024 இல் 6,288 ஆகக் குறைந்தது. ஆனால் எதிர்ப்பும் உடனே வந்தது. 2023 மே மாதத்திலேயே நாடாளுமன்றம், கிராமப்புற நிலங்களின் சுற்றுச்சூழல் பதிவேட்டை அவருடைய அமைச்சகத்திடமிருந்து பறித்தது. பேரேடு யார் கையில் இருக்க வேண்டும் என்ற பழைய சண்டைதான் அது. 2025 ஜூலையில் சுற்றுச்சூழல் உரிம நடைமுறையைத் தளர்த்தும் சட்டம் நிறைவேறியது. லூலா அதன் 63 பகுதிகளைத் தடுத்தார். நவம்பரில் நாடாளுமன்றம் அத்தடைகளுள் பெரும்பாலானவற்றைத் தள்ளுபடி செய்தது. பெலெம் நகரில் ஐ.நா. காலநிலை மாநாடு முடிந்த ஒரு வாரத்துக்குள் இது நடந்தது. அமேசான் முகத்துவாரக் கடற்பகுதியில் எண்ணெய் தேடுவதற்கான உரிமமும் அந்த அக்டோபரில் வழங்கப்பட்டுவிட்டது. தொடக்கத்தில் விவரித்த செனட் அமர்வை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். அது ஒரு தனிமனிதரின் நாகரிகக் குறைவு அல்ல. நிலச் சந்தைக்கு இடையூறாக நிற்பவரை அகற்றும் முயற்சியின் ஒரு பகுதி.

நம் சட்டத்தோடு ஓர் ஒப்பீடு

சேகரிப்புக் காப்பகங்களுக்கும் குறைகள் உண்டு. ரப்பர் விலை வீழ்ந்தபோது, சிக்கோ மெண்டிஸ் காப்பகத்துக்குள்ளேயே பல குடும்பங்கள் மாடு வளர்ப்புக்கு மாறின; காடழிப்பு அங்கும் நுழைந்தது. உரிமைப் பத்திரம் மட்டும் போதாது, வாழ்வதற்கான வருமானமும் தேவை என்பதை அது காட்டுகிறது.

ஆயினும் அக்காப்பகங்களின் சட்ட அடிப்படையில் நமக்கு ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. ரப்பர் தொழிலாளர்கள் அக்காட்டின் பூர்வகுடிகள் அல்லர், பிழைக்க வந்தவர்கள். அவர்களின் உரிமை வம்சாவளியில் அன்று, அந்த நிலத்தில் அவர்கள் செலுத்திய உழைப்பிலும் பயன்பாட்டிலும் நின்றது. பிரேசிலின் 2000 ஆம் ஆண்டுப் பாதுகாப்புப் பகுதிகள் சட்டத்தின் வரைவில், 'மரபுவழி மக்கள்' எனப்படுவோர் குறைந்தது மூன்று தலைமுறைகள் அங்கு வாழ்ந்திருக்க வேண்டும் என்ற வரையறை இருந்தது. குடியரசுத் தலைவரின் தடுப்பதிகாரத்தால் அது நீக்கப்பட்டது.

நம் நாட்டின் 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் அதே மூன்று தலைமுறை நிபந்தனை இன்றும் இருக்கிறது. பட்டியல் பழங்குடியினர் அல்லாத 'பிற மரபுவழி வனவாசிகள்', 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். காட்டோரங்களில் வாழும் தலித் குடும்பங்கள் சட்டத்தின் பார்வையில் இந்தப் பிரிவில்தான் வருகின்றன. நிலப்பத்திரம் மறுக்கப்பட்ட, பள்ளி மறுக்கப்பட்ட, பதிவேடுகளில் பெயரே இடம்பெறாத சமூகத்திடம் 75 ஆண்டு ஆதாரத்தைக் கேட்பது எத்தகைய நீதி? ஆதாரத்தை உருவாக்கவிடாமல் தடுத்தவர்களே ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள்.

அச்சட்டத்தின் விதிகள் எழுத்து ஆவணங்களை மட்டும் ஏற்கவில்லை. முதியோரின் வாக்குமூலத்தையும், வீடு, கிணறு, இடுகாடு போன்ற கள அடையாளங்களையும் சான்றாக ஏற்கின்றன. கிராம சபைகளில் இவற்றைத் தொகுக்கும் பணியைச் செய்ய வழக்கறிஞர்கள் மட்டும் போதமாட்டார்கள். எழுதத் தெரிந்த கல்லூரி மாணவர்கள் வேண்டும். ஊரின் வரலாற்றைக் கேட்டுப் பதியத் தெரிந்த ஆசிரியர்கள் வேண்டும். ஆக்ரே காட்டில் அந்த வேலை ஓர் எழுத்தறிவுப் பாடநூலோடு தொடங்கியது.